குனிந்தால் கால் தெரிய வேண்டும்

10.2.2006, வெள்ளி. ருவைஸ்.

கம்பெனி ஆண்டு விழா நாடகத்தில் செல்வம்தான் வெள்ளைக்காரப் போர்வீரன். பழங்கால மாதிரியில் செய்த இரும்பு ஹெல்மெட் வாங்க இன்று அவனோடு அபுதாபிக்குப் போனேன். சிவப்பு இறகு வைத்துப் பளபளத்த ஒன்றை நான் எடுத்து நீட்டினேன். அவன் அதைத் தொடவே இல்லை. மங்கலான ஒன்றை எடுத்தான். சைட்டில் உயரத்தில் நின்று சாரம் கட்டும்போது செய்வதுபோலத் தலையில் துண்டைச் சுற்றி, அதன்மேல் மாட்டினான். தாடைக்குக் கீழே வாரை இறுக்கினான். கடைக்காரர் சிரிக்கச் சிரிக்க, நிதானமாகக் குனிந்து நிமிர்ந்தான். ஹெல்மெட் அசையவில்லை.

"குனிஞ்சா கால் தெரியணும் சார். தெரியலன்னா விழுந்துருவோம்."

நான் ஸ்டோர்கீப்பர். இத்தனை வருஷமாக ஹெல்மெட் கொடுக்கிறேன், ஒருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னதில்லை.

திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். "நல்ல கனம் சார். நாடகம் முடிஞ்சதும் சைட்டுக்குப் போட்டுக்கவா? என்னோடது விரிசல் விட்டு ஒரு மாசமாச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். புது ஹெல்மெட் கேட்டு அவன் எழுதிய சீட்டு என் டிராயரில் கிடக்கிறது. காலையில் நான் ஸ்டோரைத் திறப்பது ஏழு மணிக்கு. செல்வம் ஆறுக்கே அந்த விரிசல் ஹெல்மெட்டோடு சாரத்தில் ஏறிவிடுவான்.