மாமாவின் காருக்கு நான் ஊதிய சங்கு

ஜூன் 2, செவ்வாய். காலை மழை. பிறகு பனிமூட்டம்.

இத்தால் அக்கரப்பத்தனை வாழ் சகலருக்கும் அறியத்தருவது: மாமாவின் காருக்கு இன்று பிற்பகல் வாய் வந்தது. எனக்கு ஏற்கெனவே உண்டு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வந்து வாங்கிய பழைய கார். வாடகைக்கு ஹயர் ஓடித்தான் பிழைப்பு. பழைய ஹார்ன் சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். மாற்றியது நான். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன். தற்சமயம் மேற்படி காரின் தலைமை மின் பொறியியலாளர். தகுதி: போனில் பார்த்த பதினொரு வீடியோ.

வாங்கியவை:
ஹார்ன், மூன்று விதச் சத்தம். சந்தையில் சாக்கு விரித்து விற்றவரிடம். பாதி விலை. பெட்டியில் கம்பெனி பெயரே பிழையாக அச்சடித்திருந்தது.
அதோடு சும்மா கொடுத்த சிவப்பு வயர். நூடில்ஸ் தடிப்பு.
பியூஸ் ஒன்று. இது மட்டும் டவுனில் மோட்டார் சாமான் விற்கும் முஸ்லிம் நானா கடையில்.

நானா வயரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "மகன், இது ரேடியோவுக்குப் போடுற வயர். ஹார்னுக்குக் காணாது. தடிச்ச வயர் எடுங்க, சுமையத் தாங்க ரிலே ஒன்னும் போடுங்க."

"நான் எல்லாம் படிச்சிட்டேன் நானா."

"அதுதான் பயமா ஈக்கி."

ரிலே வாங்கவில்லை. வயரை டாஷ்போர்டுக்குப் பின்னால் மற்ற வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டினேன். பார்க்க அழகு.

ஜூன் 3, புதன். வெயில். அதிசயம்.

மூன்றாவது சத்தம் அப்படியே தேயிலை பெக்டரிச் சங்கு. இது எனக்கு முன்பே தெரியும். அதற்காகத்தான் வாங்கினேன்.

பதினொரு மணி. மாமா குளிக்கப் போன நேரம். கார் மேல் ரோட்டில் நின்றபடியே, ஹார்னை நீட்டி ஒரு அழுத்து. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்து, நிறுவைக்குக் கொழுந்தோடு இறங்கிவிட்டார்கள். வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்க்கிறார்.

"யாரு சங்கு ஊதுனது?"

எங்கள் பெரியம்மா தலையில் கூடையோடு: "ஊதியாச்சுல்லங்க. நிறுங்க. மறுபடி ஏறச் சொன்னா முட்டி உங்களுதா, எங்களுதா?"

கொழுந்தை நிறுத்தார். அரைமணி நேரம் லாபம். என் வாழ்நாள் சாதனை.

ஜூன் 4, வியாழன். தூறல்.

ஹார்ன் செத்தது. திறந்து பார்த்தேன், பியூஸ் எரிந்திருந்தது. டவுனுக்குப் போய்வர நேரமில்லை. இரண்டே நிமிடத்தில் உயிர் கொடுத்தேன். முறை: தொழில் இரகசியம்.

அம்மா: "தேயிலைத் தூளை யாருடா ஜேம் போத்தல்ல கொட்டுனது? பக்கட்டு எங்க?"

தெரியாது என்றேன்.

அக்கா சேலையை மூன்றாவது தடவையாக அயர்ன் பண்ணுகிறாள். நாளை ஒன்பது மணிக்கு நுவரெலியாவில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு வந்த முதல் கடிதம். பிந்தினால் உள்ளே விடமாட்டார்களாம்.

"கார் ஒழுங்காப் போகுமாடா?"

"பறக்கும்க்கா."

ஜூன் 5, வெள்ளி. முன்னால் போகிற நாய் தெரியாத பனி.

ஆறரைக்குப் புறப்பட்டோம். மாமா, அக்கா, நான். பனி என்றால் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தாக வேண்டும். மாமா அடித்தார். எதிரே வந்த பஸ் டிரைவர் பெக்டரியே நடந்து வருகிறது என்று பயந்து ஒதுங்கினார். எனக்குப் பெருமை.

பதினைந்தாவது வளைவு இருக்கும்.

"என்னடா ரப்பர் நாத்தம்?"

"வெளியில இருந்து வருது மாமா."

உள்ளேயிருந்துதான். டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. லைட் அணைந்தது. எஞ்சினும். மாமா பாய்ந்து பானட்டைத் திறந்து, லேஞ்சித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டரி வயரைப் பிடுங்கினார். என் சிவப்பு வயர் மெழுகுவர்த்தி மாதிரி உருகி, பக்கத்து வயர்களையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. சுரண்டினால் செம்பு நிறம் மேலே மட்டும். உள்ளே வெள்ளை. செம்பே இல்லை.

அக்கா ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். மணி ஏழேகால். பஸ் இப்போதுதான் எதிர்ப்பக்கம் போனது.

மரக்கறி லொறி ஒன்று வந்தது. மாமா கைகாட்டினார். டிரைவர்: "முன்னால எடமில்ல தங்கச்சி. பின்னால லீக்ஸ் இருக்கு, பரவால்லையா?"

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஏறும்போது என்னைப் பார்த்தாள். அதை எழுதவில்லை.

அவள் போனதும் மாமாவுக்கு முழு விளக்கம் கொடுத்தேன். வயர் மட்டம், சரி. ஆனால் வயர் சூடாகும்போது முதலில் சாகவேண்டியது பியூஸ். அது சாகவில்லை. ஆகவே குற்றவாளி நானா கடை பியூஸ். பேசப்பேச எனக்கே நம்பிக்கை வந்தது. மாமா யோசனையோடு சொன்னார்: "ஞாயித்துக்கெழம அவர்கிட்டக் கேக்குறேன்."

மாலை அக்கா வந்தாள். எட்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். "உள்ள இருந்த மேடம், காலையிலயே மார்க்கட் போனீங்களான்னு கேட்டாங்க." சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. முடிவு கடிதத்தில் வருமாம்.

ஜூன் 7, ஞாயிறு. மழை.

கார் கராஜில். பஸ்ஸில் டவுன். மாமா நானாவிடம் குரலை உயர்த்தினார். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"ஒங்க பியூஸ நம்பித்தானே நானா புள்ளையக் கூட்டிட்டுப் போனேன்?"

நானாவின் முகம் சின்னதாகிவிட்டது. "மாத்தித் தாறேன். மொதல்ல அத காட்டுங்க."

"எடுடா."

வெள்ளிக்கிழமை மாமா லொறியை மறித்துக்கொண்டிருந்தபோது பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டவன் நான்தான். கொடுத்தேன். நானா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அறுந்து ஈக்கே. இது இதுட வேலையச் செஞ்சிருக்கு. அப்ப கரண்ட் எப்படிப் போச்சு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேரும்.

சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமைத் தொழில் இரகசியம்: தேயிலைப் பக்கட்டின் உள்ளே இருக்கும் வெள்ளித்தாள். எரிந்த பியூஸைச் சுற்றி, திரும்பச் செருகினேன். வெள்ளிக்கிழமை அதை உரித்துத் தேயிலைச் செடிக்குள் எறிந்தேன். நான் வாங்கியதில் யோக்கியமான சாமான் அந்தப் பியூஸ் ஒன்றுதான்.

மாமா அடிக்கவில்லை. நானாவிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்காக அவர்.

அக்காவிடம் நானே சொன்னேன். அவள் கேட்டாள்: "எத்தன சுத்துடா சுத்துன?"

மூன்று. பாதுகாப்புக்காக.