காசிமேட்டில் நீ பேசிய கோயில் தமிழ்

பூண்டு எண்ணெயும் வறுத்த வெங்காயமும் ஒன்றாகக் காயும் வாசம் வந்தது. ராயபுரத்தில் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் வண்டிக்கு முன் இன்று சாயங்காலம் நின்றிருந்தேன். பக்கத்தில் கோயம்புத்தூர் சம்பந்தியம்மா, தன் தங்கையோடு. "மொத தடவை அந்த அக்கா கூட்டிட்டுப் போன எடமெல்லாம் இவளுக்கும் காட்டோணுமுங்க" என்று கேட்டு வந்திருக்கிறார். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. வாழைத்தண்டு சூப்பை வாயில் வைத்ததும் உன்னிடம் பேச வேண்டும்போலிருந்தது.

என் மகளைப் பெண் கேட்டு அவர்கள் முதன்முதலாக வந்த நாளைச் சொல்கிறேன். ஊர் பார்க்க வேண்டும் என்றார்கள். மெரினாவும் தி.நகரும் காட்டி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தண்டையார்பேட்டையில் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டே இந்த வடசென்னையை ஒளித்து வைக்கப் பார்த்தவள் நான். என் தோழி நீ விடவில்லை. "இன்னாமே, நம்ம ஊர்ல துன்றதுக்கு எடமா இல்ல? காசிமேட்டுல மீனு, எண்ணூர்ல முகத்துவாரம், சாயங்காலம் அத்தோ. நா இட்டுகினு போறேன்" என்றாய்.

சரி என்றேன். அதோடு நின்றிருக்கலாம். என் பாழாய்ப்போன வாய் நிற்கவில்லை. "அவங்க முன்னாடி இன்னா, கீதுன்னு பேசிடாத. பொண்ணு விஷயம்" என்றேன். நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். "சர்தாம்மா" என்றாய். அவ்வளவுதான்.

மறுநாள் விடிகாலை காசிமேட்டில் ஏலச்சத்தம் காதைப் பிளந்தது. கூறு கட்டி வைத்திருந்த மீனைக் காட்டி, "இது என்ன மீனுங்க?" என்று சம்பந்தியம்மா கேட்டார். மாதா கோயில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிக்கிறவளாயிற்றே நீ! அந்தக் குரலை எடுத்தாய்.

"தாயே, இது வஞ்சிரம். இன்று அதிகாலையில் பிடிக்கப்பட்டது. அஞ்ச வேண்டாம்."

கூறுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாக்கா, ஒடம்பு கிடம்பு செரியில்லியா? இன்னாத்துக்கு இப்டி பேசிகினு கீற?"

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், கண்ணில் தண்ணீர் நிற்க. எனக்குத்தான் செத்துவிடலாம் போலிருந்தது. மீனை விலை பேசும் சாக்கில் தள்ளிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ பழையபடி பேசிக்கொண்டிருந்தாய். நாம் வாங்கிய மீனை அங்கேயே கழுவி, மசாலா தடவிப் பொரித்துத் தரும் அக்காவிடம், "காரம் கம்மியா போடு, கோயமுத்தூர்க்காரங்கோ" என்று அதட்டினாய். எண்ணூரில் ஆறு கடலில் கலக்கிற இடத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைக் காட்டி, "நீங்கோ ஊர்ல லைட்டு போட்டா இங்க பொக வருது" என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தாய். கல்யாணமும் முடிவானது.

அதன்பின் அந்தக் காலையைப் பற்றி நீ பேசவே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். நீ வந்து நின்றால் மல்லித்தூள் விலையைப் பற்றிப் பேசுவேன். ஆஸ்பத்திரியில்கூட உன் தலையணையைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இன்று வண்டியருகே சம்பந்தியம்மா தங்கையிடம் உன் கோயில் தமிழைப் பேசிக் காட்டிச் சிரித்தார். என்னால் தாங்க முடியவில்லை. "அப்படிப் பேசச் சொன்னது நான்தாங்க. அவ பேச்சைக் கேட்டு எங்களைக் கேவலமா நெனச்சிடுவீங்களோன்னு பயம்" என்று உளறிவிட்டேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் ஏனுங்க்கா இப்படிப் பேசுனீங்கன்னு கேட்டேன். என் கையைப் புடிச்சுட்டு, 'பொண்ண பெத்தவ, பயந்துகினு கீறா. அவள ஒன்னியும் நெனச்சுக்காத, தங்கமானவ'ன்னாங்க."

அடிப்பாவி! மீன் எண்ணெயில் விழுவதற்கு முன்பே என்னை மன்னித்துவிட்டாயா? அது தெரியாமல் அத்தனை வருடமும் உன் முகத்தை நேராகப் பார்க்காமலே பேசியிருக்கிறேனே. உன் மன்னிப்பு கைக்கு வந்துவிட்டது. பார்க்காமல் விட்ட உன் முகம்தான் இனி என்னோடு இருக்கும்.