என் பேரில் வாங்கிய கண்ட்ரோல் சேலை

சாயமும் சோற்றுக்கஞ்சியும் கலந்த வாடை இன்னும் என் வீட்டு முற்றத்தை விட்டுப் போகவில்லை, மதினி. அந்த வாடை வந்தால் உன் முகமும் வந்துவிடும். நீ இருந்தவரை அண்ணன் பெண்டாட்டி என்று 'நீங்க' போட்டுத்தான் பேசினேன். இனி 'நீ' போதும்.

போன வாரம் உன் பேத்தி வந்தாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில், யுத்த காலத்துப் பெண்கள் அன்றாடம் கட்டியதைக் கட்டிக்கொண்டு மேடையில் நிற்க வேண்டுமாம். "எங்க ஆச்சி மாதிரியே என்னை ஆக்கிவிடுங்க ஆச்சி. யுத்தத்துலயும் அவங்க புதுச்சேலைதான் கட்டுவாங்களாமே" என்றாள். யார் சொன்னது என்றேன். "அவங்களேதான் சொல்லுவாங்க." சாகும்வரை அந்தப் பெருமையை விடவில்லை நீ.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் அந்த வருஷத்துத் துணி ஒவ்வொன்றும் கண்ணில் நிற்கிறது. ரவிக்கைக்கு முன்பக்கம் ஒரு துணி, முந்தானை மூடுகிற முதுகுக்குப் பழைய தலையணை உறை. கொக்கி கிடைக்காது, முன்னால் முடிச்சு. கை, தோளை விட்டு நாலு விரல்தான். பஃப் கை வைக்கத் துணிக்கு எங்கே போக? சேலையும் நீளம் குறைவு, கொசுவம் நாலு மடிப்போடு நின்றுவிடும். எல்லாம் அப்படியே தைத்தேன். சேலை மட்டும் உன்னுடையதைச் செய்யவில்லை. நீ எனக்கு அனுப்பிய சேலையைப் போலச் செய்தேன்.

ஞாபகம் இருக்கிறதா? எனக்குத் தலைப்பொங்கல். அண்ணன் சங்கரன்கோவிலிலிருந்து என் புகுந்த வீட்டுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுவந்தான். பானை, கரும்பு, மஞ்சள்குலை, எல்லாவற்றுக்கும் மேலே மடித்த சிவப்புச் சேலை. மூலையில் மஞ்சள் தடவிக் கட்டிக்கொண்டு அடுப்பு ஊதினேன். பானை பொங்குமுன் வேர்வையில் சாயம் கரைந்து கழுத்தெல்லாம் ஓடியது. மாமியார் தெருவுக்கே கேட்கச் சிரித்தாள். "ஏளா, ஒங்க அண்ணன் வீட்டுச் சீரு கழுத்துல வழியுது பாரு. வழிச்சு டப்பாவுல எடுத்து வையி!"

கிழிசலை ஒட்டுப்போட்டு, சாயப்பட்டறையில் மிஞ்சிய சாயத்தில் முக்கி, கஞ்சி போட்டு மடித்த உன் பழைய சேலை அது. மூன்று வருஷம் அந்த வீட்டில் எனக்குப் பேர் 'சாயச்சீர்'.

கஷ்டகாலம், துணி இல்லை என்று விட்டிருப்பேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்தபோது நீ கட்டியிருந்தாயே, புத்தம்புது கண்ட்ரோல் சேலை! வீட்டில் எத்தனை தலையோ அத்தனைக்கு ரேஷன் கார்டில் கொடுத்த துணி. கல்யாணமாகிப் போன என் பேரை நீங்கள் கார்டிலிருந்து அடிக்கவே இல்லை. என் பங்கை வாங்கி நீ கட்டிக்கொண்டாய். கேட்டதற்கு என்ன சொன்னாய்? "பேரு எங்க கார்டுல கெடந்தா துணியும் எங்களுக்குத்தாம்ளா." அண்ணன் சப்பரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நேற்று விழா. சாயம் நிற்க வேண்டுமானால் உப்புப் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். உன் பேத்தி சேலைக்கு நான் போடவில்லை. தெரிந்தேதான். மேடை விளக்குச் சூட்டில் உன் பேத்தியின் கழுத்தில் சிவப்பு இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், மதினி. வயிறு குளிர்ந்தது.

இறங்கி வந்தவள் அழவில்லை. "எங்க ஆச்சி சேலையும் இப்படித்தான் சாயம் போச்சா?" என்றாள்.

"இல்ல மக்கா. ஒங்க ஆச்சி கட்டுனது சாயம் போகாத சேலை. எம்பேருல வாங்குனது. நீ கட்டியிருக்கது, அவ எனக்குக் குடுத்துவிட்டது."

முழுக்கதையும் சொன்னேன். கழுத்துச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப இன்னைக்கு மேடையில நின்னது நீங்கதானா?"

தேங்காய் எண்ணெய் தொட்டு அவள் கழுத்தைத் துடைத்துவிட்டேன். உப்புப் போடாத கதையையும் சொல்லி, "தப்பு பண்ணிட்டேன் மக்கா" என்றேன்.

அது அவளுக்கு. உனக்குச் சொல்ல என்னிடம் அப்படி ஒரு வார்த்தை இல்லை. உன்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை. நகையும் நட்டும் இங்கேயே கிடக்கட்டும்; இந்தக் கோபத்தை மட்டும் கையோடு கொண்டுவருகிறேன். நான் மேலே வரும்போது, அங்கே இருக்கிற அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளியாமல் எதிரில் வந்து நில், மதினி.