ஓசா தீவின் வடக்குச் சுவர்

ஓசா தீவு, லேகோஸ்
நவம்பர் 5, 2018

அன்புள்ள அபேனி,

போனை எடுக்க மாட்டேன், சொல்வதை எழுதி அனுப்புங்கள் என்றாய். எழுதுகிறேன். நலம். முழங்கால் வலியை நான் கண்டுகொள்ளவில்லை, அதுவே போய்விட்டது.

நம் மகள் மொரேயோவின் கல்யாணம் ஜனவரி 19. தீவின் வடக்குப் புல்வெளியில் பந்தல். பெண் வீட்டாருக்குச் செம்பு நிறத் துணி. உன் தங்கை உனக்கும் சேர்த்து எடுத்துவிட்டாள்.

இன்னொரு விஷயம். வடக்கே பதினான்கு மனைகளுக்குக் காயலில் மணல் நிரப்பியாகிவிட்டது. வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, அளவை அறிக்கையில் யார் கையெழுத்து என்றுதான். இந்தக் காயலின் அடித்தரையை உன்னளவு அறிந்த நில அளவையாளர் லேகோஸில் இல்லை. அறிக்கை தயார். உன் கையெழுத்தும் முத்திரையும் போதும்.

நாலு வருஷமாக உன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. வா.

உன்
சேனி

இகொரோடு
நவம்பர் 19, 2018

மொரேயோவின் அப்பாவுக்கு,

செம்பு நிறம் எனக்குப் பொருந்தாது என்று தங்கைக்குத் தெரியும், வேண்டுமென்றே எடுத்திருக்கிறாள். இருந்தாலும் கட்டிக்கொள்வேன்.

அளக்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது தெரிந்துதான் தீவின் முதல் பாதிக்கான அறிக்கையில் என்னைக் கேட்காமலே என் மேஜையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினீர்கள். அன்றைக்குத்தான் நான் பெட்டி கட்டினேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

போன வியாழக்கிழமை அளக்க வந்தேன். பாலத்து வாசலில் காவல்காரர் நிறுத்தினார்.

"மேடம், உங்க பேரு லிஸ்ட்ல இல்லீங்க."

"நான் இந்தத் தீவைக் கட்டினவரோட பொண்டாட்டி."

"இந்த வாரத்துல இப்படிச் சொல்ற மூணாவது ஆளு நீங்க மேடம்."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மற்ற இருவர் யார் என்பதை நீங்கள் எழுதலாம்.

திரும்பிப் போய், முக்குளிக்கும் செவேனுவின் படகில் தண்ணீர் வழியாக வந்தேன். காயலுக்குக் காவல்காரர் கிடையாது. வடக்குச் சுவரின் காலடியில் மூன்று மீட்டர் மண் இருக்க வேண்டும். ஒரு மீட்டர்கூட இல்லை. மணல் அள்ளும் கப்பல் சுவருக்கு அருகிலேயே தோண்டியிருக்கிறது. சுவரும் வெளிப்பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. எண்களைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

கையெழுத்து கிடையாது. பந்தலையும் அங்கே போடாதீர்கள்.

அபேனி

ஓசா தீவு
நவம்பர் 26, 2018

அபேனி,

மற்ற இருவரும் பக்கத்து வீட்டு செனட்டரைத் தேடி, என் பேரைச் சொல்லி நுழையப் பார்த்தவர்கள். அவரையே கேட்டுக்கொள்.

உன் எண்களை என் மண் ஆய்வாளரிடம் காட்டினேன். "அம்மா ரொம்ப பயப்படுறாங்க சார், புதுச் சுவர்னா கொஞ்சம் சாயத்தான் செய்யும்" என்றார். முப்பது வருஷமாக நான் தண்ணீரில் நிலம் செய்கிறேன். விழும், விழும் என்று எத்தனை பேர் சொன்னார்கள்? ஒன்றாவது விழுந்ததா? நீ கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவர் போடுவார். பந்தல் வடக்கில்தான்.

முத்திரை விஷயம் பழைய கதை. நான் குத்திய அந்த அறிக்கையை வைத்துத்தான் முப்பத்திரண்டு குடும்பங்கள் நிம்மதியாகக் குடியிருக்கின்றன.

சேனி

இகொரோடு
டிசம்பர் 3, 2018

மொரேயோவின் அப்பாவுக்கு,

உங்கள் மண் ஆய்வாளர் தண்ணீரில் இறங்கினாரா, அல்லது உங்கள் வரவேற்பறையில் மால்ட்டா குளிர்பானம் குடித்துக்கொண்டே சொன்னாரா? செவேனுவை உங்களிடம் அனுப்புகிறேன். அவர் இறங்கும்போது நீங்கள் படகில் இருங்கள். என் பேச்சை நம்ப வேண்டாம், அவர் கையை நம்புங்கள்.

மனை வாங்க இருக்கும் பதினான்கு பேரின் பெயரும் என்னிடம் இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். நீங்களே சொன்னால் நல்லது. உங்களை விட்டு வந்தேனே தவிர, நீங்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

வெறும் வயிற்றில் படகேறாதீர்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

அபேனி

ஓசா தீவு
டிசம்பர் 14, 2018

அபேனி,

செவேனுவோடு போனேன். நாலு முறை இறங்கினார். நாலாவது முறை மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சார், மிச்சமிருந்த மண்ணும் போயிடுச்சு. சுவருக்கு அடியில கைய விட்டேன். தோள் வரைக்கும் போச்சு. மணல் என் முகத்துல கொட்டுது" என்றார். கரைக்கு வந்து கல்லில் உட்கார்ந்தேன்.

நேற்று பதினான்கு பேரையும் தீவின் கிளப்புக்கு அழைத்தேன். உன் எண்களை நானே வாசித்தேன். மனைகள் கிடையாது, தீவு இப்போது இருக்கும் அளவோடு நிற்கும் என்றேன். கலபாரிலிருந்து வந்திருந்த திருமதி எஃபியோங் எழுந்தார். "அப்ப முதல் பாதி? அதுலயும் உங்க மனைவி கையெழுத்துதானே இருக்கு?"

முதல் பாதியில் குடியிருப்பவர்களில் ஏழெட்டுப் பேரும் அந்த அறையில் இருந்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கூட்டம் முடிந்திருக்கும்.

"இல்ல. அது அவ போட்ட கையெழுத்து இல்ல. நான் குத்தின முத்திரை" என்றேன்.

அதன்பின் அங்கே நடந்ததை எழுத மாட்டேன். தீவுக் குடியிருப்போர் சங்கத்தில் என் தலைவர் பதவி போனது. செனட்டர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பந்தலை இகொரோடுவில் நீ பாடம் நடத்தும் பள்ளியின் மைதானத்துக்கு மாற்றிவிட்டேன். "தீவுன்னு சொல்லிட்டு மைதானத்துக்குக் கூப்பிடுறாங்களே" என்று மாப்பிள்ளையின் அத்தைகள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

நாலு வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய வரி இது: நான் செய்தது தப்பு, அபேனி. வீட்டுக்கு வருவாயா?

சேனி

இகொரோடு
ஜனவரி 22, 2019

அன்புள்ள சேனி,

மொரேயோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். மைதானத்தின் புழுதியில் நீங்கள் ஆடிய ஆட்டத்தை இங்கே டீச்சர்கள் இன்னும் செய்து காட்டுகிறார்கள். மாப்பிள்ளையின் அத்தைகள்தான் கடைசியாகக் கிளம்பினார்கள், சோற்றுப் பொட்டலங்களோடு.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தீவில் குடியிருக்க வர மாட்டேன். எனக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது, இந்த வேலையும். அதில் மாற்றமில்லை.

ஆனால் முப்பத்திரண்டு வீடுகளில் ஆட்கள் படுத்து உறங்குகிறார்கள். அவர்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் அளந்ததில்லை. சங்கத்துக்கு எழுதிக் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தெற்குச் சுவரில் தொடங்குகிறேன். மூன்று வாரம் பிடிக்கும். கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்றுதான் எழுதுவேன்.

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். பேச வேண்டியதை நடுவில் பேசிக்கொள்ளலாம்.

அபேனி