இறங்கும் வழி பற்றி மணிமொழிக்கு

செஞ்சி,
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே சுகம், உன் சுகத்தை ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் கன்னத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், குளிரில் வெடித்திருக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவு. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோன் வந்தால் உன் நைனா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், பக்கத்து வீட்டு ஷோபனாவும் வாசலில் நின்றபடியே உன்னிடம் பேச ஆரம்பித்துவிடுகிறாள், அந்தச் சத்தத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. அதனால் தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்கு மட்டும் அனுப்பப் போகிறேன். திங்கட்கிழமை உன் மேனேஜருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் முழுவதும் படித்துவிடு, நடுவில் நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் செய்யாதே.

இங்கே மார்க்கெட் கமிட்டியில் நெல் வரத்து அதிகம், திண்டிவனம் ரோட்டில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, உன் நைனா எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது புருவம்கூடத் தூசியாக இருக்கிறது. மேல்மலையனூர் அமாவாசைக்கு விட்ட ஸ்பெஷல் பஸ்களில் இரண்டு நாளாக ஊரே அடைத்துக்கொண்டது. வல்லத்தில் உன் வள்ளியம்மாள் அத்தைக்கு முழங்கால் வலி, ஆனாலும் வாய்க்கு ஒரு குறையுமில்லை. அத்தை மகன் ரஞ்சித்துக்கு இரண்டாவதும் பெண் குழந்தை, சிவப்பாக இருக்கிறது, எல்லாரையும் உற்றுப் பார்க்கிறது. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இப்படித்தான், உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருக்கிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரிவதில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகம் நாலு நாளாக அதே பக்கத்தில் கிடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ, ஹோட்டல் பயிற்சி மே மாதத்தோடு முடிகிறது, அதற்குப் பிறகும் வேலைக்கு வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள், நம் நாட்டிலிருந்து வரும் விருந்தினர்களைப் மலையேறும் பல்சக்கர ரயிலில் மேலே கூட்டிப்போய், அங்கிருந்து இரண்டரை மணி நேரம் நடத்திக் கீழே இறக்கிக் கொண்டுவர வேண்டும், அதுதான் வேலை என்றாய். உடனே, “நான் வேணாம்னு சொல்லிடப் போறேம்மா, எனக்கு ஒசரம் ஆவாதுன்னு ஒனக்குத் தெரியாதா” என்று சிரித்தாய். இதுவரை நாலு தடவை விருந்தினர்களோடு மேலே போய், ஸ்டேஷன் வாசலைக்கூடத் தாண்டாமல், சாக்லேட் பால் குடித்துவிட்டு அதே ரயிலில் திரும்பியதாகச் சொன்னாய். உன் நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. “அப்ப மே மாசம் வந்துடுவா” என்று அன்றைக்கே அத்தைக்குச் சொல்லிவிட்டார், அத்தையும், “அவலூர்பேட்டைல ஒரு பையன் கீறான், வாத்தியாரு, புள்ள வந்ததும் பாத்துடலாம்” என்று ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் நீ வர வேண்டும் என்றுதான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. காலையில் இரண்டே டம்ளர் காபி கலக்கும்போதெல்லாம் இருக்கிறது. பேசாமல் இருந்தாலே நீ வந்துவிடுவாய். அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

மணி, உனக்கு உயரம் பயம் இல்லை. பயம் எனக்கு. அதை உன் மேல் ஏற்றிவிட்டது நான்.

உனக்கு ஆறு வயது. காணும் பொங்கலுக்கு அத்தை குடும்பத்தோடு கோட்டைக்குப் போனோம், புளிசாதம் கட்டிக்கொண்டு ராஜகிரி உச்சிவரை ஏறினோம். ஏறும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை, முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டும்தானே தெரியும். மேலே, பாறைப் பிளவின் குறுக்கே போட்டிருக்கும் பாலத்தில் நீ கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தாய், “அம்மா, பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி மாரி கீது” என்று கத்தினாய். நான் கீழே பார்க்காமல் உன் பாவாடையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் மரக்காணத்து உப்பளத்தில் பிறந்தவள், எங்கள் ஊரில் தென்னைமரத்தைவிட உயரமாக எதுவும் கிடையாது. இறங்கும்போது நீ இரண்டு படி இரண்டு படியாகத் தாவினாய், நான்தான் உன்னை இழுத்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். உனக்காகத் தூக்கவில்லை, கையில் எதையாவது பிடித்திருந்தால் தேவலை என்று தோன்றியது. குறுகலான இடத்தில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் வெளி, கண்ணுக்கு நேரே வயல்கள் சுற்றின. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது, “யாருபா அது நடுவழில குந்திக்கினு”, “ஏம்மா, வூடுன்னு நெனச்சிக்கினியா” என்று கத்துகிறார்கள். அத்தை முன்னால் போயிருந்தவள் திரும்பி ஏறி வந்து, “இன்னா மங்கை, இன்னா ஆச்சு, மயக்கமா” என்றாள். அதற்கு முன்பே அவள் என்னைப் பற்றி, புத்தகத்தைத் தூக்கினு திரியறவளுக்கு வெயில் தாங்குமா, மேடு தாங்குமா என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் என் வாயிலிருந்து வந்தது, “எனக்கு ஒன்னுமில்ல அண்ணி, கொழந்த கீழ பாத்துப் பயந்துட்டா.” நீ பயப்படவில்லை, என் காதுக் கம்மலை நோண்டிக்கொண்டிருந்தாய். அதனால் உன் தொடையில் கிள்ளினேன். அழுத்தமாகத்தான் கிள்ளினேன். நீ வீறிட்டு அழுதாய்.

அத்தை உன்னை வாங்கிக்கொண்டாள். “கால் வலிக்குது அத்தே” என்று நீ சொன்னாய், “பயத்துல காலு வெடவெடங்குது புள்ளைக்கு” என்று அவள் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். உன் நைனா என் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார், குழந்தையைத் தூக்கிக் களைத்துப்போனவள் என்று என்னைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். பிறகு அது உன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ரஞ்சித், “மணி, ஸ்டூல் மேல ஏறாத, தீயணைப்பு வண்டிய கூப்புட வேண்டியதா பூடும்” என்பான், நீயும் சிரிப்பாய். எட்டாவது படிக்கும்போது பள்ளியில் ஏற்காடு கூட்டிப்போனார்கள், இவளுக்கு ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது யார், நான்தான். கல்லூரி விடுதியில் நீயே கேட்டுத் தரைத்தளத்தில் அறை வாங்கிக்கொண்டாய். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே பொய். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும், “நீங்க போங்க, நான் மணிகூட கீழ இருக்கேன்” என்று சொல்லிக் கோட்டை அடிவாரத்தில் கல்யாண மகால் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். நீ மேலே போகிறவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாய். நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

நேற்று புதன்கிழமை, உன் நைனா கமிட்டிக்குப் போனதும், ராஜகிரிக்குப் போனேன். நான் நினைவு வைத்திருப்பதுதான் நடந்ததா, அல்லது படித்துப் படித்து நானே கட்டிக்கொண்டதா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து வெளியூர்க் கூட்டம் அதிகம். கமலக்கண்ணியம்மன் கோயிலில் கொஞ்சம் நின்றேன், பிறகு ஏறிவிட்டேன், ஏறுவது அன்றைக்கும் கஷ்டமில்லை, நேற்றும் இல்லை. இறங்கும்போது அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்தேன். விழுப்புரம் கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள், ஒருத்தி, “ஆன்ட்டி, பயமா இருந்தா குந்திக்கினே எறங்குங்க, எங்க அம்மா அப்டிதான் எறங்குவாங்க, பொடவதான் பாழாவும்” என்றாள். இன்னொருத்தி என் பையை வாங்கிக்கொண்டு, “குரங்கு கண்ணு இதுமேலதான் கீது” என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன் மணி. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள், “தெரியுது ஆன்ட்டி” என்றாள், அவ்வளவுதான். நாற்பத்து மூன்று வயதில் படி படியாக உட்கார்ந்து நகர்ந்து இறங்கினேன், மாம்பழக் கலர் புடவையின் பின்பக்கம் போயே போய்விட்டது.

உன் தோழி போன செப்டம்பரில் எடுத்ததாக நீ அனுப்பிய அந்தப் பாதை வீடியோவையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேல் ஸ்டேஷனிலிருந்து மண்பாதை நம் மாட்டுவண்டித் தடம் அளவுக்கு அகலமாகத்தான் இறங்குகிறது. எதிரே பனிமலை மூன்று, கீழே ஒரு ஏரி, மாடுகள் வழியில் படுத்து அசைபோடுகின்றன. மஞ்சள் பலகையில் எத்தனை கிலோமீட்டர் என்று போடாமல் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது. ஒரு தாத்தா குச்சி ஊன்றி இறங்குகிறார், ஒரு பெண் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்தே இறக்குகிறாள். பார்க்கும்போதே எனக்குக் கால் கூசுகிறது. ஆனால் உனக்குக் கூசுமா கூசாதா என்பது எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் உன்னை விடவே இல்லை. இப்போது அங்கே பனி மூடியிருக்கும், பாதையில் இறங்க முடியாது என்று தெரியும், ஆனால் மேல் ஸ்டேஷன் வாசல் வரைக்குமாவது, இந்தச் சனி ஞாயிறில் ஒரு நாள் தனியாகப் போய், வெளியே வந்து, விளிம்புக் கம்பியைப் பிடித்துக் கீழே பார். பயமாக இருந்தால் இருக்கட்டும், பயப்படுவதில் கேவலம் இல்லை, அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வா, நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பயமில்லை என்றால் அதையும் எழுதிக் கொடு. எதுவாக இருந்தாலும் அது உன்னுடையதாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை, மத்தியானம்

நேற்று இதை அனுப்பவில்லை. உன் நைனாவுக்குத் தெரியாமல் அனுப்புவது அந்த முதல் பொய்க்கு இன்னொரு பொய்யைத் துணை வைப்பதாகத் தோன்றியது. இன்று சாப்பாட்டுக்கு வந்தவரிடம் தாள்களைக் கொடுத்தேன். கை கழுவிவிட்டு, கண்ணாடி போட்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தார், சோறு ஆறிக்கொண்டிருந்தது. கிள்ளின இடத்தில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டுவார் என்று நினைத்தேன். “அன்னிக்கு ஒன் கை ஐஸ் மாரி இருந்துச்சி மங்கை, நான்தான் கேக்காம உட்டுட்டேன்” என்றார். கடைசித் தாளைப் படித்து முடித்து மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், “அப்போ அவ வரமாட்டா, இல்ல?”

நான் ஆறிப்போன சோற்றை எடுத்துவிட்டுச் சூடாகப் போட்டேன். அவர் தாள்களை என் பக்கம் நகர்த்திவிட்டு, “வெளிச்சத்துல வச்சி போட்டோ புடி, எழுத்து மங்கலா கீது” என்றார்.

உன் காலும் கண்ணும் உறுதியாக இருக்கட்டும், எந்த ஊரில் இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கும்படி அங்காளம்மன் பார்த்துக்கொள்ளட்டும். வேலையை எடுத்துக்கொண்டால் இறங்குவதற்கு முன்னால் கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், ஷூ முனையில் இடித்து நகம் கறுத்துப்போகும் என்று படித்தேன். திங்கட்கிழமையை மறந்துவிடாதே. என்மேல் கோபம் வந்தால் கோபப்படு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும். ஆனால் நைனா எடுக்கும்போது ஃபோனை எடு.

உன்னைக் கிள்ளிய அம்மா,
மங்கை