நாக்கில் ஒட்டாத கலர்

பிரியமுள்ள அத்தைக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தேன். நேற்று மாலை குடித்த ஒரு பாட்டில் ஆரஞ்சு கலர் இன்னும் போகவில்லை. சோறு சாப்பிட்டு, பல் துலக்கி, தூங்கி எழுந்த பிறகும் நடு நாக்கில் குங்குமம் கரைத்த மாதிரி நின்றது. நீங்கள் இருந்திருந்தால், "நல்லா ஒட்டியிருக்குது கண்ணு, பெட்டிய ஏத்தச் சொல்லு" என்றிருப்பீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. துடியலூரில் நம் சோடா கம்பெனி நடந்துகொண்டுதான் இருக்கிறது. பாட்டில் கழுவும் இடத்தில் நின்று உங்கள் மகன் சத்தம் போடுவதும் மாறவில்லை. ஆனால் மேட்டுப்பாளையம் ரோட்டில் கடைக்குக் கடை பெரிய கம்பெனிக்காரர்கள் ஐஸ் பெட்டி வைத்துவிட்டார்கள். இப்போது நம்மைத் தேடி வருவது சுற்றுவட்டாரத்துக் கோயில் நோன்பித் திருவிழாக்களும் கல்யாண வீடுகளும்தான்.

ஒரு சந்தோஷச் செய்தி. உங்கள் பேத்தி சுமதி மாசமாக இருக்கிறாள். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று இங்கே வந்திருக்கிறாள்.

நேற்று மாலை, வருகிற மாரியம்மன் நோன்பிக்கான முதல் பாகை இறக்கி பாட்டிலில் அடைத்தோம். வீட்டு ஆள் ஒருவர் முதல் பாட்டிலைக் குடிக்காமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டக் கூடாது என்பது உங்கள் சட்டமல்லவா? முப்பது வருடம் அதை நீங்களே குடித்தீர்கள். நேற்று சுமதி கையை நீட்டினாள்.

"அப்பத்தா பாட்டில் இனி எனக்குத்தான். இங்க குடும்மா."

"வேண்டாங் கண்ணு. கேஸ் வயித்துல நிக்கும்."

"நான் உன்ற வயித்துல இருந்தப்ப அப்பத்தா ஊத்திக் குடுத்தாங்கன்னு நீதான சொன்ன? அப்பக் கேஸ் எங்க போச்சாம்?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். "ஊர்ப் புள்ளைக குடிக்கலாம், உன்ற புள்ளைக்கு மட்டும் ஆகாதா?"

பேச்சை முடிக்க நானே பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

அவளைச் சுமந்தபோது நான் குடித்தது டப்பாக் கலர்ப் பொடி போட்டது, அத்தை. மூடியில் முத்திரை இருக்கும், மேலே பெயர் இருக்கும், எவ்வளவு போடலாம் என்று எழுதியிருக்கும். நான் மருமகளாக வந்த புதிதில் அந்த எழுத்துகளைப் படித்ததற்கே நீங்கள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தீர்கள்: "கெமிஸ்ட்ரி படிச்ச மருமவளுங்க. இனிப் பச்சத் தண்ணியக்கூட மோந்து பாத்துத்தான் குடிப்பா."

பிறகு கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். "ஏனுங்க, உங்க கலரு நாக்குல ஒட்டவே மாட்டேங்குதுங்களே, தண்ணி சேத்தறீங்களா?" நோன்பிக்கு வரும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டித்தானே கலர் குடிக்கிறார்கள்? ஒரு கரண்டி இரண்டானது. இரண்டும் போதாமல் டவுனிலிருந்து பொட்டலம் வந்தது. பவானி ஜமக்காள நூலுக்குச் சாயம் விற்கிற அதே கடை. பொட்டலத்தில் பெயர் இல்லை. என்ன பொடி என்று கேட்டேன். "பேரு என்னத்துக்கு அம்மணி? இதக் குடிச்சு எவன் செத்தான்?" என்றீர்கள்.

ஒரு பாட்டிலில் யாரும் சாவதில்லை. அது சரி. ஆனால் கேள்வி அதுவா? அனுமதித்த நிறங்களைச் சோதித்து, இந்த அளவுக்கு மேல் வேண்டாம் என்று ஒரு கோடாவது போட்டிருக்கிறார்கள். துணிச் சாயங்களில் சில வயிற்றுக்குள் போனால் கெடுதல் என்பதும் தெரிந்ததுதான். நம் பொட்டலத்தில் இருப்பது எது? பெயரே தெரியாத பொடிக்கு எந்தப் புத்தகத்தில் அளவு தேடுவது?

உங்களை வயிற்று நோவோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, இந்தப் பொடியாலா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அதனால்தான் என்று நானும் சொல்ல மாட்டேன். அதனால் இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

கண்ணாடியை விட்டு வந்ததும் உங்கள் மகனிடம், பொடியை நிறுத்திவிடலாமா என்றேன்.

"ஏம்புள்ள, அந்தப் பெரிய கம்பெனி பாட்டில்ல மட்டும் எளநியா இருக்குது? அவங்கள எவன் கேக்கறான்?"

"அவங்களையும் கேக்கோணும். நம்ம பாட்டிலப் பத்தி என்னையக் கேட்டா நான் என்ன சொல்லட்டுங்க?"

"ஒட்டாத கலரக் கொண்டுபோனா அடுத்த நோன்பிக்கு ஒருத்தன் கூப்பிட மாட்டான். அப்புறம் கம்பெனியப் பூட்டிப்போட்டு நீயும் நானும் நாக்கப் பாத்துட்டு உக்காந்துக்கலாம்."

அவர் பயம் பொய்யில்லை. இருக்கிற நாலு நோன்பியும் போனால் கம்பெனி இல்லை. மறுபடி டப்பாக் கலருக்கே போகலாமா என்றும் யோசித்தேன். அளவோடு போட்டால் ஒட்டாது. ஒட்டவில்லை என்றால் யாராவது இன்னொரு கரண்டி போடுவார்கள். நாம் அப்படித்தானே இங்கே வந்து சேர்ந்தோம்?

இனி சொல்வதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில்.

நேற்று அடைத்த பெட்டிகள் வண்டியில் ஏறாது. முதல் பாட்டிலைக் குடித்தவள் நான். ஏற்று என்று நான் சொல்லப் போவதில்லை. நாளைப் பாகில் சர்க்கரையும் எலுமிச்சையும்தான், நிறம் கிடையாது. சர்க்கரையும் கேஸும் மருந்து இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் நின்று பதில் சொல்வேன். நோன்பிக்கு நானே பெட்டிகளோடு போகிறேன். ஒட்டவில்லையே என்று கேட்பவர்களுக்கு என் நாக்கையே நீட்டிக் காட்டுகிறேன்.

அதற்கு முன்னால், முதல் பாட்டிலை உங்கள் மகன் எதிரிலேயே சுமதி கையில் கொடுப்பேன். அவளுக்குக் கொடுக்க முடியாத பாட்டில் இனி நம் வாசலைத் தாண்டாது. சட்டம் உங்களுடையதுதான் அத்தை. நான் காப்பாற்றுகிறேன்.

தண்ணீரையும் மோந்து பார்க்கும்
உங்கள் மருமகள்