ரோஜாக்களுக்கு நடுவே என் ஊசி

8 ஜனவரி, வியாழன்

இன்று படி இறங்க ஆறு நிமிடம் ஆனது. மொத்தம் பதினேழு படி. ஒன்றில் உட்கார்ந்து, காலை அடுத்ததற்கு நகர்த்தி, அங்கே உட்கார்ந்து, மறுபடி. பதினைந்து வயதில் இப்படி இறங்குகிறவள் ஓசூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பத்து மணிக்கு மேல்தான் முட்டி கொஞ்சம் இளகும். அதற்குள் பள்ளியில் பிரேயர் முடிந்துவிடும்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா சரோஜம்மா, மாடிப் பிள்ளைகள் எல்லோரையும் திட்டுவார். படியில் ஓடினால் சிமெண்ட் பெயர்கிறதாம். என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. எப்படித் திட்டுவார்? எனக்கு அந்தத் திட்டு வேண்டும் போல இருக்கிறது. பைத்தியம்.

அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். விரலுக்கு ஓய்வு கொடு, பாடத்தைத் தவிர எதுவும் எழுதாதே என்பது அம்மாவின் உத்தரவு. ஆனால் பயமாக இருப்பதை வேறு எங்கே சொல்வது? டாக்டர் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்கும்போதெல்லாம் நான்கு என்கிறேன். எட்டு என்றால் அம்மா அங்கேயே அழுதுவிடுவார்.

திங்கட்கிழமை புது ஊசி.

12 ஜனவரி, திங்கள்

போட்டாயிற்று! வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில். முதல் ஊசியை சிஸ்டர் போட்டார். இனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை அம்மாவே வீட்டில் போட வேண்டும். பூப்பண்ணையில் நாள் முழுக்க ரோஜாக் காம்பு பிடிக்கும் கை அம்மாவுடையது. விரலெல்லாம் முள் குத்திய புள்ளி. "இத்தன முள்ளு வாங்கியிருக்கேன், ஒரு முள்ளு குத்த மாட்டனா" என்று சிஸ்டரிடம் சிரித்தார்.

டாக்டரம்மா எனக்கே நேராகச் சொன்னார். வயதானவர்களுக்கு வரும் தேய்மானம் இல்லை இது, அழற்சி. மூட்டுக்குள் வீக்கத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் ரத்தத்தில் இருக்கிறது, இந்த மருந்து அதைப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை போடும் சனிக்கிழமை மாத்திரை மட்டும் போதவில்லை என்பதால்தான் இது. ஊசிக்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று கையில் சின்ன ஊசி குத்தி, சுற்றி வட்டம் போட்டுப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏழு மாதம் தைலம் தேய்த்ததை அம்மா சொன்னபோது டாக்டரம்மா கோபப்படவில்லை. இப்பவாவது வந்தீங்களே என்றார். அப்பாவின் இ.எஸ்.ஐ. அட்டை இல்லாவிட்டால் இந்த மருந்தின் பெயர்கூட எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்னும் இரண்டு ஊசி கொடுத்து அனுப்பினார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். எங்களிடம் இல்லை. சரோஜம்மா வீட்டில் பெரியது இருக்கிறது, தோசை மாவு விற்கிறார். ஆனால் அம்மா கேட்க மாட்டார். தெரிந்தால் தெரு முழுக்கத் தெரியும், அப்புறம் காவேரிப்பட்டினத்து அத்தைக்கு, அப்புறம் என் கல்யாணம் வரைக்கும் போகும். யாருக்கும் சொல்லக்கூடாது என்று எனக்கும் சத்தியம்.

14 ஜனவரி, புதன்

என் ஊசி இப்போது ரோஜாக்களோடு இருக்கிறது.

அம்மா வேலை செய்யும் பண்ணையில் பூ வைக்கும் குளிர் அறை உண்டு. அதன் பொறுப்பாளர் மாதேஸ்வரன் அண்ணன். பெண்கள் சாப்பாட்டு வாழைப்பழத்தைக்கூட உள்ளே வைக்க விடமாட்டார். பழம் இருந்தால் பூ சீக்கிரம் விரிந்துவிடுமாம். அம்மா பயந்து பயந்து கேட்டிருக்கிறார். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, தாஜ்மகால் ரோஜா வாளிகளுக்குப் பின்னால், மேல் தட்டில் வைத்தாராம். யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை.

26 ஜனவரி, திங்கள்

அம்மா போட்ட முதல் ஊசி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவும் மூடிக்கொண்டாரோ என்று பயம்.

30 ஜனவரி, வெள்ளி

படி இறங்க மூன்று நிமிடம். இரண்டு தடவைதான் உட்கார்ந்தேன். நம்பலாமா?

3 பிப்ரவரி, செவ்வாய்

தலையை நானே பின்னினேன். முழுதாக. ரிப்பன் முடிச்சும் நானே. பின்னாலிருந்து அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் பேருந்து போய்விட்டது.

சனிக்கிழமை மாத்திரை குமட்டல்கூட இந்த முறை ஞாயிறு மதியத்தோடு போய்விட்டது. கடவுளே, இப்படியே இருக்கட்டும்.

6 பிப்ரவரி, வெள்ளி

காதலர் தினப் பூ ஏற்றுமதி. குளிர் அறையில் கால் வைக்க இடமில்லை. வெளிநாட்டு ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள். பூவைத் தவிர எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. மாதேஸ்வரன் அண்ணன் தெர்மாகோல் பெட்டியில் நீல ஜெல் பாக்கெட் இரண்டை வைத்து, ஊசியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை வரை வீட்டில்தான்.

அம்மாவுக்கு சனி, ஞாயிறும் வேலை. பார்த்துக்கொள் என்றார். இருக்கும் ஒரே ஊசி. அடுத்தது 20ஆம் தேதிக்கு மேல்தான் வரும்.

8 பிப்ரவரி, ஞாயிறு

நான் கெடுத்துவிட்டேன்.

நேற்று மதியம் நல்ல வெயில். ஜெல் பாக்கெட் கொழகொழவென்று ஆகிவிட்டது. சரோஜம்மாவிடம் போய், கால் சுளுக்குக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி, பாக்கெட்டை அவர் ஃபிரீசரில் வைத்தேன். ராத்திரி வாங்கும்போது கல் மாதிரி இருந்தது. சுற்றியிருந்த செய்தித்தாள் குளிரைத் தடுக்கும் என்று நினைத்துப் பிரித்து எறிந்துவிட்டேன். இரண்டு பாக்கெட்டுக்கும் நடுவே ஊசியை அழுத்தி வைத்தேன்.

காலையில் பார்த்தால் ஊசிக்குள் வெள்ளையாகப் பனி. உள்ளே தாளில் எழுதியிருக்கிறது, உறைந்தால் பயன்படுத்தாதே என்று. அதை இன்றுதான் முழுதாகப் படித்தேன்.

உள்ளங்கையில் வைத்திருந்தேன். உருகிவிட்டது. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறது. யார் பார்த்தாலும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அம்மா நாளைக்கு அதைப் போடுவார். வேலை செய்யாது. இல்லை, வேறு ஏதாவது செய்யுமோ? மார்ச்சில் பொதுத்தேர்வு. மறுபடி ஆறு நிமிடம். மறுபடி பேனா பிடிக்க முடியாத காலை. சொன்னால், இத்தனை பேர் காப்பாற்றிக் கொடுத்ததை நான் ஒரே ராத்திரியில்...

அம்மா வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, "ஜில்லுனு வெச்சிருக்கியே, சமர்த்து" என்றார். சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

9 பிப்ரவரி, திங்கள்

அம்மா கை கழுவி, பஞ்சால் என் வயிற்றைத் துடைத்து, மூடியைக் கழற்றிவிட்டார். அப்போதுதான் வாய் வந்தது.

"அது செத்துப்போச்சும்மா. நான் ஐஸ்ல வெச்சு உறைய வெச்சிட்டேன்."

ஊசி அப்படியே கையில் நின்றது. எப்போது என்று கேட்டார். நேற்றுக் காலையில் பார்த்தேன் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"நேத்து முச்சூடும் இத உள்ள வெச்சுக்கிட்டா சோறு தின்ன?"

அவ்வளவுதான். மூடியைப் போட்டார். அப்பா முதல் ஷிப்ட்டில் இருந்தார், போன் எடுக்க முடியாது. அம்மா வெளியே போய் மேல் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிற சத்தம் எனக்கே கேட்டது, கீழே கேட்காதா? சரோஜம்மா மாவுக் கையோடு ஏறி வந்தார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமில்லைக்கா என்றார்.

"என்ன முனிலட்சுமி ஒண்ணுமில்ல? நாலு மாசமா உம் பொண்ணு உக்காந்து உக்காந்து எறங்கறது எனக்குக் கேக்காதா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும். தெருவில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவரே ஆட்டோ பிடித்து, எங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். சிஸ்டர் ஊசியை வாங்கி வைத்துக்கொண்டார். இதைப் போடக்கூடாது, சொன்னது நல்லது என்றார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த மருந்து அதிக வெயில் படாமல் வெளியே இருந்திருந்தால்கூட இரண்டு மூன்று நாள் தாங்கியிருக்குமாம். பனிதான் ஆகாதாம். நான் காப்பாற்றப் போய்த்தான் கெட்டது.

டாக்டரம்மா இன்றும் கேட்டார், பத்துக்கு எத்தனை. பொங்கலுக்கு முன்னால் எட்டு, இப்போது மூன்று என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா பழைய தாள்களைப் புரட்டி, எல்லா நான்கையும் பார்த்துவிட்டு, இனிமேல் நிஜத்தையே சொல்லு, அதை வைத்துத்தான் மருந்து எழுதுகிறேன் என்றார். ஊசி தள்ளிப்போவதால் மூட்டு கொஞ்சம் இறுகலாம், பயப்படாதே என்றும் சொன்னார். இருப்பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

12 பிப்ரவரி, வியாழன்

கிடைத்துவிட்டது, இரண்டு ஊசி. மூன்று நாள் தாமதம், அவ்வளவுதான். அதற்குள் காலையில் முட்டி இறுகத் தொடங்கியிருந்தது, படியில் இரண்டு முறை உட்கார்ந்தேன். இந்த முறை ஊசி போடும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அம்மா மூடவில்லை. நன்றாகத்தான் போடுகிறார்.

அடுத்த ஊசி சரோஜம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில், நடுத்தட்டில், மாவுப் பாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்ட இடத்தில் இருக்கிறது. அது ஃபிரீசர் பக்கம் போகவே கூடாது என்று தன் மகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறார்.

மாதேஸ்வரன் அண்ணனிடம் அம்மா எல்லாவற்றையும் சொன்னாராம். அவர் தலையில் அடித்துக்கொண்டு, பூவுக்கும் அதேதான், பனி பட்டால் கருகிவிடும், பேப்பர் எதுக்குச் சுத்திக் கொடுத்தேன் என்று கேட்டாராம். பிறகு காம்பு உடைந்த தாஜ்மகால் ஆறு கொடுத்தனுப்பினார். இந்த நோட்டுக்குப் பக்கத்தில்தான் ஒரு டம்ளரில் இருக்கின்றன.

1 மார்ச், ஞாயிறு

மூன்று மணி நேரம் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். விரல் வலித்தது. எழுதினால் எல்லோருக்கும் வலிக்குமே, அந்த வலி.

11 மார்ச், புதன்

தமிழ்த் தேர்வு. கேள்விகள் சுலபம். ஆனால் அதை எழுத இந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

காலையில் தெருமுனை வரை போன பிறகுதான் ஹால் டிக்கெட் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, மேலே ஏறி, எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில்தான் கவனித்தேன், இரண்டு இரண்டாகத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

"யாருடி அது படியில குதிக்கறது? சிமெண்ட்டெல்லாம் பேந்து போவுது!"

நின்றுவிட்டேன். "நான்தான் சரோஜம்மா. வினோதா."

கிரைண்டரை நிறுத்தினார். பிறகு, முன்னைவிடச் சத்தமாக:

"நீ குதிச்சா மட்டும் பேராதா?"